உச்சிவேளையில் ஓர் ஆண் குரல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேய்க்கதைக்குப் பஞ்சமே இருக்காது. ஆனால் நீங்கள் எல்லாரும் ராத்திரிக் கதையாகவே சொல்கிறீர்கள். புளியமரம், சுடுகாடு, அமாவாசை இருட்டு. எனக்கு அந்தப் பயமெல்லாம் சின்ன வயதிலும் இருந்ததில்லை. நான் பயந்தது பட்டப்பகலுக்கு. வெயில் உச்சந்தலைக்கு நேராக நிற்கும்போது, தெருவில் ஒரு காக்கை கூடக் கத்தாதபோது, வாசலில் ஓர் ஆண் குரல் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கை கால் சில்லிட்டுப்போகும். என் மருமகள் பாட்டுக்குக் கதவைத் திறந்து பார்சல் வாங்கிக்கொண்டு வருவாள். அவளிடம் இதை நான் சொன்னதில்லை. சொன்னால் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போய்விடுவாள். நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் காரைக்காலிலிருந்து நாகூருக்குப் போகிற சாலையில், எல்லைக்குக் காரைக்கால் பக்கம் இருந்தது. கிராமம் என்றால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். டவுன் என்றால் மற்றவர்கள் சிரிப்பார்கள். இரண்டு தெரு, ஒரு குளம், ஒரு பள்ளிக்கூடம், முக்கில் ஒரு முஸ்லிம் அண்ணனின் கடை, நாங்கள் நானா கடை என்போம். பிரெஞ்சுக்காரன் இருந்தவரைக்கும் ஊர்க் கடைசியில் சாலையை மறித்து ஒரு நீளமான மரம் கிடக்கும். பக்கத்தில் ஓடு போட்ட ஒற்றை அறைக் கட்டடம். அதுதான் சுங்கச் சாவடி. நாகப்பட்டினம் கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் ஐந்தாறு மைல்தான். இருந்தாலும் அந்த மரத்தைத் தாண்டி ஒரு கவுளி வெற்றிலை கொண்டுபோக வேண்டுமென்றால் கூட மடியை அவிழ்த்துக் காட்டவேண்டும். அதனால் எங்கள் ஆண்கள் நாகப்பட்டினத்தை வேறு தேசமாகவே வைத்திருந்தார்கள். நிஜத்திலும் அது வேறு தேசம்தான்.

பிறகு ஒருநாள் கொடி மாறியது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். சாவடிக்காரர்கள் மரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார்கள், அப்படியே போனவர்கள்தான். அது வானத்தைப் பார்த்தபடி நின்றது. அதில் தொங்கிய இரும்புச் சங்கிலி காற்றடித்தால் கம்பத்தில் மோதும். சாவடிக்குள் ஒரு மேஜை, ஒரு பெரிய தராசு, ரசம் போன ஒரு கண்ணாடி எல்லாவற்றையும் விட்டுவிட்டே போயிருந்தார்கள். கொஞ்ச நாளில் தராசு காணாமல் போனது. மேஜை காணாமல் போனது. கண்ணாடியை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. யார் முகத்தைப் பார்த்ததோ என்ன கண்றாவியோ, நமக்கு வேண்டாம் என்றாள் அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா. பெரியம்மா சொன்னால் ஊரே கேட்கும்.

மரம் தூக்கியதும் பஸ் நேராக ஓட ஆரம்பித்தது. நாகப்பட்டினத்தில் ஆணி செய்கிற ஆலை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. முதலில் நாலு பேர் போனார்கள். அவர்கள் காக்கி நிஜாரும் காக்கிச் சட்டையும் போட்டுக்கொண்டு, தூக்குச்சட்டியோடு பஸ் ஏறுவதைப் பார்த்து மற்றவர்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தை அறுப்பு முடிந்து வாய்க்காலில் தண்ணீர் நின்றதும் பாதி ஊர் கிளம்பிவிட்டது. ஆலைக்குப் போகாதவர்கள் துறைமுகத்துக் கிட்டங்கிக்கு வெங்காய மூட்டை தூக்கப் போனார்கள். படித்த இரண்டு மூன்று பேர் ஆபீசுக்குப் போனார்கள். அப்பா மாட்டை விற்றுவிட்டு ஆலைக்குப் போனார். எனக்கு அப்போது எட்டு வயது. தம்பிக்கு இரண்டு முடிந்திருந்தது.

"ஊரு முன்னேறுது" என்றார்கள் எல்லாரும். நானும் என் சிநேகிதியும் அதைச் சொல்லிக்கொண்டே பாண்டி ஆடினோம்.

பஸ் விடிகாலை ஐந்து மணிக்கு. நாங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே அப்பா போயிருப்பார். இரவு விளக்கு வைத்து, நாங்கள் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்குப் பஸ் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை லீவுதான். ஆனால் அப்பா வேட்டியை உச்சி முதல் உள்ளங்கால் வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு பொழுது சாயும்வரை தூங்குவார். ஈ மொய்க்காமல் இருக்க அப்படி. நான் இரண்டு மூன்று தடவை கிட்டப்போய் அந்தத் துணி மேலும் கீழும் அசைகிறதா என்று பார்த்திருக்கிறேன். அம்மா பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தாள்.

ஆக, அப்பா ஆலைக்குப் போன முதல் மூன்று மாதத்தில் நான் அப்பா முகத்தை வெளிச்சத்தில் பார்க்கவே இல்லை. அரிக்கேன் விளக்கில் பார்த்ததுதான். விளக்கு கீழே இருக்கும், அவர் முகம் மேலே இருக்கும். அந்த முகம் எனக்குப் போதுமானதாக இருந்தது. தம்பிக்குப் போதவில்லை. அவன் ஒருநாள் அப்பா தூக்கியதும் வீறிட்டு அழுதுவிட்டு, அம்மா பக்கம் திரும்பி, "மாமா போவச் சொல்லு" என்றான். அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்கு மட்டும் ஏனோ சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. பஸ் வரும் நேரத்துக்கு நாங்கள் பிள்ளைகள் சாலை முனையில் போய் நிற்போம். தெருவிளக்கு கிடையாது. பஸ் நின்றதும் இருட்டில் காக்கி காக்கியாக இறங்குவார்கள். எல்லாரிடமும் ஒரே இரும்பு நாற்றம். முன்பெல்லாம் அப்பாவை நூறு கெஜத்தில் அடையாளம் தெரியும். தோளில் போட்ட துண்டு, வயலில் நடந்த நடை. இப்போது துண்டும் இல்லை, நடையும் எல்லாருக்கும் ஒன்றாகிவிட்டது. ஒருநாள் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அந்தக் கையும் என் கையைப் பிடித்துக்கொண்டது. பேசாமல் நடந்தோம். எங்கள் வீட்டு வாசல் வந்தது. கை நிற்கவில்லை, என்னை இழுத்துக்கொண்டு மேலே போனது. நான் அண்ணாந்து பார்த்தேன். வடக்குத் தெரு ஆள் ஒருவர். அவருக்கும் என் உயரத்தில் ஒரு மகள். அவரும் என்னைத் தன் பெண் என்று நினைத்துத்தான் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர் கையை உதறிய வேகத்தை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது. என்னைப் பார்த்து அவர் பயந்துவிட்டார்.

பகலில் ஊர் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். ஆண் என்று பார்த்தால் மூன்று பேர். காது கேட்காத சொல்தா ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்விட்டு வந்தவர். சாராயம் குடித்துவிட்டு மாட்டுக்கொட்டிலில் படுத்திருப்பார். கோயில் குருக்கள் பத்து மணிக்கு நடை சாத்திவிட்டு அடுத்த ஊருக்குச் சைக்கிளில் போய்விடுவார். கடை நானா பன்னிரண்டு மணிக்குப் பலகையைப் போட்டு மூடிவிட்டு உள்ளே படுத்துவிடுவார். அப்புறம் நாலு மணிவரை தெருவில் ஒரு இருமல் சத்தம் கூடக் கேட்காது. ஆண்கள் இருமுவது அவ்வளவு தைரியம் தரும் என்று அதுவரை ஒருத்திக்கும் தெரிந்திருக்கவில்லை. சாவடிச் சங்கிலி மட்டும் டிண், டிண் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

பங்குனிக் கடைசியில் எதிர்வீட்டு அக்காவுக்கு அது நடந்தது. கல்யாணமாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புருஷன் ஆலைக்குப் போகிறவர். ஒரு மத்தியானம் அக்கா உலையில் அரிசியைப் போட்டது போட்டபடி எழுந்து, தலைமுடி கூட முடியாமல், தெருவில் இறங்கி நடந்தாள். நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். யாரோ முன்னால் போக, பின்னால் போகிறவளைப் போல நடந்தாள். முன்னால் யாரும் இல்லை. வெயில்தான் இருந்தது.

சாயங்காலம் குளத்துப் படித்துறையில் கடைசிப் படியில், தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாதான் போய்த் தோளைத் தொட்டாள்.

"ஏன்டி, இஞ்ச என்னடி பண்ணுற?"

"அவுங்க கூப்பிட்டாங்க" என்றாள் அக்கா.

"எவுங்கடி?"

"அவுங்கதான். ஒரே ஒரு தடவ கூப்பிட்டாங்க. வெளில வந்தேன், முன்னால போயிக்கிட்டே இருந்தாங்க. திரும்பவே இல்ல."

அன்றைக்கு இரவே காய்ச்சல். பதினொரு நாள் கிடந்தாள். புருஷனைப் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். இப்போது யோசித்தால் எனக்குப் பேயும் தெரியவில்லை, பிசாசும் தெரியவில்லை. கட்டிக்கொண்டு வந்த புருஷனைப் பகலில் ஒருநாள்கூடப் பார்க்காத பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குக் குரல் கேட்காமல் வேறு என்ன கேட்கும்? ஆனால் அப்போது யாரும் அப்படி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எங்கள் வீட்டில் நடந்தது நடந்திருக்காது.

பெரியம்மா ஊர்ப் பெண்களை எங்கள் வீட்டுக் கொல்லையில் கூட்டினாள். உங்கள் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். ராத்திரி யாராவது வாசலில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே குரல் கொடுக்கக் கூடாது. அதுகளுக்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடச் சக்தி கிடையாது. மூன்றாவது தடவை கூப்பிட்டால் மனுஷர். அதுவரை வாயைத் திறக்காமல் இருக்கவேண்டும். பெரியம்மா ராத்திரிக்கு இருந்த அந்தச் சட்டத்தை எடுத்துப் பகலுக்குப் போட்டாள்.

"ராத்திரி நம்மாளுங்க வீட்டுல இருக்காங்க, பயமில்ல. பகல்லதான் இல்ல. உச்சி உருமத்துல ஆம்பளக் குரல் கேட்டா அது நம்மாளு எப்புடிடி ஆவும்? நம்மாளு நாகப்பட்டினத்துல நிக்கிறான். மூணாவது கூப்பாடு வர்ற வரைக்கும் ஒருத்தியும் கதவத் தொறக்கக் கூடாது."

"அவுங்க குரலாவே இருந்தா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவுங்க குரலாத்தான்டி இருக்கும். பின்ன, எவன் குரல்ல வந்தா நீ வெளில வருவ?"

அன்றிலிருந்து பதினோரு மணி அடித்தால் தெரு முழுக்கக் கதவு சாத்தியது. நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து, உள்பக்கம் ஓர் அரிவாள். அம்மா ராத்திரி அப்பாவிடம் இதைச் சொன்னாள். அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "நல்ல கூத்துடி ஒங்களோட" என்று சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரும் அந்த ஊர்க்காரர்தானே.

சட்டத்தால் வந்த வேடிக்கையும் இல்லாமல் இல்லை. உப்பு இரவல் கேட்கப் போனாலும் மூன்று தடவை கூப்பிடவேண்டும். காரைக்கால்மேட்டிலிருந்து கூடையோடு வருகிற மீன்காரம்மா வாசலில் நின்று ஒரு கூப்பாடு போட்டாள், இன்னொன்று போட்டாள், கதவு திறக்கவில்லை. "உள்ளதான இருக்குறீங்க, பொகை வருதுல்ல! ஏண்டி, நான் என்ன பேயா? பேயி கூடையத் தூக்கிக்கிட்டு வந்து மத்தி விக்குமாடி?" என்று அவள் கத்தியது மூன்றாவது கணக்கில் சேர்ந்தது. அம்மா கதவைத் திறந்தாள். பெண் குரலுக்குச் சட்டம் இல்லையே என்று நான் கேட்டேன். எதற்கு வம்பு என்றாள் அம்மா.

அக்கினி நட்சத்திரம் தொடங்கி நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ. தம்பி பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் சோழி ஆடிக்கொண்டிருந்தேன். முதலில் நடை கேட்டது. செருப்புச் சத்தம். ஒரு அடி, ஒரு இழுவை. ஒரு அடி, ஒரு இழுவை. அம்மாவின் முறம் நின்றது. நடை எங்கள் வாசலுக்கு வந்து நின்றது.

"பாப்பா."

அப்பா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். அந்தக் காலத்தில் யார் கூப்பிட்டார்கள்? என்னைத்தான் கூப்பிடுவார், அம்மா வருவாள். ஆனால் குரல் அப்பாவுடையது மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஆலைப் புகை அவர் தொண்டையை அறுத்து வைத்திருந்தது. வீட்டில் நாலு வார்த்தை பேசுகிறவர், அதையும் சோற்றோடு பேசுகிறவர். அந்தக் குரலை நாங்கள் பழகிக்கொள்ள அவகாசம் இருக்கவில்லை.

அம்மா எழுந்துவந்து தம்பியின் வாயில் கையை வைத்தாள், அவன் தூங்கிக்கொண்டிருந்தபோதே. இன்னொரு கையால் என்னைக் கதவுப் பக்கம் தள்ளினாள். எங்கள் கதவில் மரக்கணு உதிர்ந்து ஓர் ஓட்டை இருந்தது, என் கண் உயரத்துக்குச் சரியாக. நான் கண்ணை வைத்தேன்.

வெளியே வெள்ளை வெளேரென்ற வெயில். அதன் நடுவில் ஒரு காக்கி உருவம். தலையைச் சுற்றிப் பாதி முகத்தை மூடி ஒரு வெள்ளைக் கட்டு. மீதிப் பாதி சாம்பல் நிறம். தாடையில் நரைமயிர். உதடு வெளுத்து வெடித்திருந்தது. கன்னத்தில் எலும்பு தெரிந்தது. அந்த ஒற்றைக் கண் நேராக ஓட்டையைப் பார்த்தது, இமைக்காமல்.

என் அப்பாவுக்கு நரை கிடையாது. என் அப்பா கறுப்பு, சாம்பல் இல்லை. என் அப்பாவுக்குக் கன்னம் உண்டு. நான் மாட்டு வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அப்பா அப்படி இல்லை.

அம்மா என் தோளைத் தட்டினாள். உதட்டை மட்டும் அசைத்து, "அப்பாவா?" என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். இல்லை.

பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். எனக்கு அது யாரென்று தெரியவில்லை.

"பாப்பா" என்றது வெளியே, இன்னும் மெதுவாக.

அம்மா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். மூன்றாவது விரலை மடக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன், மூச்சை விடாமல். அது மூன்றாவது தடவை கூப்பிட்டால் கதவைத் திறக்கலாம். திறந்துவிடவேண்டும் என்றுதான் எனக்கு ஆசையாக இருந்தது, பயத்தோடு பயமாக. அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உளுந்தில் ஒரு வண்டு ஊர்ந்தது. தூரத்தில் சங்கிலி இரண்டு தடவை மோதியது.

பிறகு நடை கேட்டது. ஒரு அடி, ஒரு இழுவை. தெருவில் இறங்கி, சாவடிப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

அம்மா எனக்கும் தம்பிக்கும் திருநீறு பூசினாள். "பாத்தியா, மூணாவது கூப்பாடு வரல" என்றாள். அவள் முகத்தில் இருந்தது நிம்மதிதான். அதைப் பார்த்து நானும் நிம்மதியானேன். உள்ளே போய்ப் பழையது சாப்பிட்டோம். நல்ல பசி.

நாலு மணிக்கு மேல் வாசலில் வேறு குரல் கேட்டது.

"தங்கச்சி! தங்கச்சி! தங்கச்சி!"

கடை நானா. கணக்காக மூன்று. அம்மா திறந்தாள். நானாவுக்கு மூச்சு வாங்கியது. கைலியெல்லாம் புழுதி.

"ஒடனே வாங்க தங்கச்சி. மாப்புள சாவடியில கெடக்குறாரு."

"அவுங்க ஆலைக்குல்ல போயிருக்காங்க, நானா?"

"எந்த ஆலை? யா அல்லா, கண்ணுல இரும்புத் தூளு அடிச்சு மத்தியானமே அனுப்பிச்சுட்டாங்களாம். கண்ணுக் கட்டோட வெறுந்தரையில சுருண்டு கெடக்குறாரு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். வீட்டுக்குப் போனீங்களான்னு கேட்டேன். வீட்டுல யாரும் இல்லங்கிறாரு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இத்தனை வருஷத்தில் பிரசவம், சாவு, பங்காளிச் சண்டை என்று எவ்வளவோ முகம் பார்த்துவிட்டேன். அந்த முகத்தை மட்டும் திரும்பப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது. "நீதான பாத்த" என்றாள். அந்த ஒரு தடவைதான் சொன்னாள். அப்புறம் சாகும்வரை சொல்லவில்லை.

நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. ஆணித்துண்டு தெறித்து வலது கண்ணில் பாய்ந்திருக்கிறது. ஆலைக் கம்பவுண்டர் கழுவிக் கட்டுப் போட்டு, "காரைக்கால்ல கண்ணு டாக்டர் இருக்காரு. இன்னைக்கே போயிடுங்க. தனியாப் போவாதீங்க, வீட்டு ஆளக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று மத்தியான பஸ்ஸில் ஏற்றிவிட்டார். காரைக்காலுக்கு நேராகப் போகவேண்டிய பஸ்ஸிலிருந்து அப்பா எங்கள் ஊரில் இறங்கியது அம்மாவை அழைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போவதற்காக. எங்கள் கதவு திறக்கவில்லை. எந்தக் கதவும் திறக்கவில்லை.

நானா வண்டி பிடித்து அன்றைக்கே காரைக்காலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். டாக்டர் பார்த்துவிட்டு, "மத்தியானமே வந்திருந்தா ஏதாச்சும் செஞ்சு பாத்திருக்கலாம்மா" என்றாராம். ஒரு கண் போய்விட்டது.

அப்பா கண் கட்டோடு திரும்பி வந்து உட்கார்ந்ததும், அவர் கேட்காமலே அம்மா சொன்னாள். "அன்னைக்கு நாங்க அக்கா வீட்டுல இருந்தோம். புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன்."

"அப்புடியா" என்றார் அப்பா.

அவ்வளவுதான். பெரியம்மாவும் ஆமாம் என்றாள். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஒரே வாரத்தில் இரண்டாவது தடவை தலையை ஆட்டினேன், இந்தத் தடவை தெரிந்தே. அம்மாவை நான் குறை சொல்லவில்லை. சொல்லக் கூடாது. அவள் கதவைத் திறக்காமல் இருந்தது எங்களைக் காப்பாற்றத்தான். ஆனால் அந்தப் பொய்யோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். தினமும் சோறு போடுகிறபோது அவர் பார்க்காத பக்கமாகவே அம்மா உட்காருவாள்.

ஒற்றைக் கண்ணுக்கு ஆலையில் வேலை இல்லை. அதனால் பகலில் ஊரில் இருக்கிற ஒரே திடமான ஆண்பிள்ளை அப்பா என்றாகிவிட்டது. எந்த வீட்டில் விறகு பிளக்கவேண்டும் என்றாலும் அவரைக் கூப்பிட்டார்கள். எந்தக் கிணற்றில் வாளி விழுந்தாலும் அவர்தான். அவர் இருமல் தெருவில் கேட்டதும் பெண்களுக்குப் பயம் போனது. மத்தியானக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆவணி வருவதற்குள் மூன்று கூப்பாட்டுச் சட்டத்தை எல்லாரும் மறந்துபோனார்கள். தம்பி அவர் தோளில் ஏறிக்கொண்டு அப்பா அப்பா என்று ஊரைச் சுற்றினான். அவனுக்கு அந்த வருஷம் நல்ல வருஷம்.

ஊர் அப்புறம் வேகமாக மாறியது. வயலை மனையாக்கினார்கள். நாகப்பட்டினத்துக்காரர்களே வந்து வீடு கட்டிக்கொண்டு, இங்கிருந்து தினமும் அங்கே வேலைக்குப் போனார்கள். சாவடியை இடித்து பஸ் ஸ்டாப் கட்டினார்கள். இப்போது பெண்களும் போகிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு நீங்கள் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள், பூட்டுதான் தொங்கும். கூப்பிட்டால் திறக்காமல் இருப்பதற்குக்கூட உள்ளே ஆள் கிடையாது.

அம்மா போன மறு வருஷம் அப்பா என்னோடு வந்து இருந்தார். எழுபது தாண்டிவிட்டது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். நான் வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். என்ன தைரியமோ, அம்மா இல்லாத தைரியம்தான், வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அன்னைக்கு நாங்க பெரியம்மா வீட்டுல இல்ல. உள்ளதான் இருந்தோம். ஓட்ட வழியாப் பாத்தது நான். நீங்க இல்லேன்னு அம்மாட்ட சொன்னது நான்."

அப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் பாப்பா. ஒன் கண்ணு தெரிஞ்சுது. ஒங்கம்மான்னா குனிஞ்சு பாக்கணும்."

இத்தனை வருஷம். அவர் 'அப்புடியா' என்று சொன்ன அந்த நாளிலிருந்து அத்தனை வருஷமும் தெரிந்துகொண்டேதான் சாப்பிட்டிருக்கிறார், தூங்கியிருக்கிறார், எனக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறார். அழுகையோடு அழுகையாகக் கோபமும் வந்தது.

"தெரிஞ்சும் ஏம்ப்பா மூணாவது தடவ கூப்பிடாமப் போனீங்க? இன்னும் ஒரே தடவ கூப்பிட்டிருந்தா அம்மா தொறந்திருப்பாங்க. கண்ணு பொழச்சிருக்கும்."

அப்பா எழுந்துபோய்ச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். உட்கார்ந்தார். இருக்கிற ஒற்றைக் கண்ணால் வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பஸ்ஸுலயே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. எம் பக்கத்துல ஒருத்தனும் வந்து ஒக்காரல. எறங்கி, தலை சுத்தலோட காலை இழுத்துக்கிட்டு நடந்து வர்றேன், தெருவுல ஒரு கதவு தொறக்கல, ஒரு நாயி கொலைக்கல. வலியும் நின்னுபோச்சு. நம்ம வாசல்ல வந்து கூப்பிடுறேன், நான் பெத்த புள்ள என்னை நேருக்கு நேராப் பாத்துட்டு அசையாம நிக்கிது. சரி, ஆலையிலயே நம்ம கதை முடிஞ்சுபோச்சு போலருக்கு, இஞ்ச வந்து நிக்கிறது நான் இல்லன்னு தோணிப்போச்சு."

"அதுக்குத்தானேப்பா மூணாவது தடவ..."

"மூணாவது தடவ கூப்பிட வாயத் தொறந்தேன் பாப்பா. பயமாப் போச்சு." வாசலிலிருந்து என் பக்கம் திரும்பினார். "கூப்பிட்டு, அப்பவும் நீ தொறக்கலேன்னா?"